ராஞ்ச்காரரிடம் (மாட்டுப்பண்ணை நிலத்துக்காரரிடம்) வேட்டைக்கு அனுமதி கேட்பது எப்படி? (டெக்சாஸ்)

ஆஸ்டின்_மச்சான்
வணக்கம் மக்களே. ஆஸ்டினுக்கு வடகிழக்கே டெய்லர், கிரேஞ்சர் பக்கம் கவுண்ட்டி ரோட்டில் போகும்போதெல்லாம் காட்டுப்பன்றி கிளறிப் போட்ட வயல்களைப் பார்க்கிறேன். மக்காச்சோளம் விதைத்த வரிசையில் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனை வரைக்கும் விதை விதையாகத் தோண்டித் தின்றிருக்கிறது. ஹன்ட்டர் எஜுகேஷன் வகுப்பை ஆன்லைனில் முடித்துவிட்டேன், ரேஞ்சுக்குப் போய் சுட்டுப் பழகுகிறேன். டீர் லீஸ், அதாவது மான் வேட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது, அதன் விலை கேட்டேன், தலை சுற்றியது. பன்றித் தொல்லை உள்ள நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி "நான் வந்து சுடட்டுமா" என்று கேட்டால் விடுவார்களா, இல்லை நாயை ஏவுவார்களா? வீட்டம்மா "உன்னைத்தான் சுடுவார்கள்" என்கிறாள். எச்1பி விசாவில் இருக்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

டல்லாஸ்_மாப்ளே
ஓசியில் யாரும் விடமாட்டார்கள், நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்த மாநிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். வேட்டை உரிமை என்பதே இங்கே ஒரு பயிர் மாதிரி, ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று விற்கிறார்கள். மாட்டை விட மானில் அதிகம் காசு பார்க்கும் ராஞ்ச்கள் இருக்கின்றன. காசு கொடுத்து லீஸ் எடு, இல்லாவிட்டால் 48 டாலருக்கு அரசு பப்ளிக் ஹன்ட்டிங் பெர்மிட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போ.

கரிசல்காட்டான்
மாப்ளே சொல்வது மானுக்குப் பொருந்தும். பன்றிக்கும் புறாவுக்கும் அப்படியே பொருந்தாது. நான் டெக்சாஸ் நடுவே லானோ பக்கம் குடியேறி ரொம்ப காலம் ஆகிறது, சின்னதாக நிலமும் வைத்திருக்கிறேன், அதனால் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நிலத்துக்காரருக்கு நீங்கள் எத்தனை பன்றியைச் சுடுவீர்கள் என்பது இரண்டாம் பட்சம். அவர் மனதில் ஓடுவது வேறு: இவன் கேட்டைத் திறந்தபடி விட்டுப் போய் மாடு ரோட்டுக்கு வந்துவிடுமா, தோட்டா வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் போகுமா, இன்று ஒருவனாக வருகிறவன் அடுத்த வாரம் நாலு பேரோடு வருவானா, மழை பெய்த மறுநாள் ட்ரக்கை உள்ளே விட்டுச் சகதியைக் கிளப்புவானா, காலை உடைத்துக்கொண்டு நம் மேல் வழக்கு போடுவானா. இந்த ஐந்துக்கும் அவர் கேட்பதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "பன்றி தொல்லையா, நான் ஒழித்துத் தருகிறேன்" என்று ஆரம்பித்தால் சிரிப்பார். ஒழிக்க முடியாது என்பது உங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். மாநிலம் முழுக்க இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கூண்டு வைத்து ஒரு கூட்டத்தையே மொத்தமாகப் பிடிப்பவர்களுக்கே போதவில்லை.

எப்போது கேட்பது? நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் திறக்கும். அதற்கு முந்தைய வாரம் போய் நின்றால் உங்களைப் போல வேறு நாலு பேரும் அங்கே நிற்பார்கள். ஜனவரியில் சீசன் முடிந்து லீஸ்காரர்கள் பரணையும் ஃபீடரையும் (மானுக்குத் தீனி கொட்டும் பெட்டி) விட்டுவிட்டு ஊருக்குப் போன பிறகு, பிப்ரவரி மார்ச்சில் போங்கள். மக்காச்சோளம் விதைக்கிற நேரமும் அதுதான், பன்றி மேல் அவருக்குக் கடுப்பு உச்சத்தில் இருக்கும்.

எப்படிப் போவது? வெளிச்சத்தில், சுத்தமான சாதாரண உடையில், தனியாக. மனைவி பிள்ளையோடு போனால் இன்னும் நல்லது. உடம்பு முழுக்க காமோ (இலைதழை போட்ட வேட்டை உடை) போட்டுக்கொண்டு, வண்டி ஜன்னலில் துப்பாக்கி தெரியப் போய் நிற்காதீர்கள். பண்ணை வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் குதித்து இறங்க வேண்டாம், முதலில் வருவது நாய்தான். ஹாரனை லேசாக ஒருமுறை தட்டிவிட்டு வண்டிக்குள்ளேயே இருங்கள், யாராவது வெளியே வருவார்கள். "யெஸ் மேம், நோ சார்" இரண்டும் இந்தப் பக்கத்தில் இன்னும் செல்லும்.

விசா_வாத்தியார்
கேள்வியில் எச்1பி என்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லையே. இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள விதிவிலக்குகளில் நமக்கு உதவுவது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட மாநில லைசென்ஸ் தேவையில்லை. ராஞ்ச்காரரும் "பன்றிக்கு லைசென்ஸ் எதுக்கு, சும்மா வா" என்பார். அவருக்குத் தேவையில்லை, உங்களுக்குத் தேவை. லைசென்ஸ் இல்லாமல் அந்த ரைஃபிளைக் கையில் வாங்கினாலே ஃபெடரல் குற்றம். இன்னொன்று, டெக்சாஸ் வருடாந்திர வேட்டை லைசென்ஸ் எப்போது எடுத்தாலும் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிகிறது. செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் புதுப்பிக்காமல் வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருந்தால் அதுவும் தப்புதான். ஆறு மாதத்துக்கு மேல் இந்த மாநிலத்தில் தொடர்ந்து குடியிருந்தால் ரெசிடென்ட் கட்டணம் 25 டாலர், அதை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஆகஸ்டில் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். துப்பாக்கி வாங்குவதற்கு முன் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வில், கிராஸ்போ (விசை வைத்த குறுக்குவில்) எல்லாம் ஃபெடரல் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. அந்த வழியும் இருக்கிறது.

ஆஸ்டின்_மச்சான்
வாத்தியாரே, கும்பிடு. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. இன்று ராத்திரியே லைசென்ஸ் எடுத்துவிடுகிறேன்.

கரிசல்காட்டான்
வாத்தியார் வில் என்று சொன்னது இன்னொரு விதத்திலும் நல்ல யோசனை. பக்கத்தில் வீடு, மாடு எல்லாம் இருக்கிற சின்ன நிலமாக இருந்தால் "ரைஃபிள் வேண்டாம், வில்லோடு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். துப்பாக்கிக்குத் தலையாட்டாதவர்கள் இதற்கு ஆட்டுவார்கள். தோட்டா எங்கே போய் விழும் என்ற கவலை அவருக்கு அங்கேயே போய்விடுகிறது.

டல்லாஸ்_மாப்ளே
எல்லாம் சரி அண்ணே, ஒரு விஷயத்தை எல்லோரும் பூசி மெழுகுகிறீர்கள். நம் நிறத்தோடு, நம் உச்சரிப்போடு, கிராமத்து முற்றத்தில் தெரியாத வண்டியில் போய் இறங்கி "ஷூட்" என்ற வார்த்தையைச் சொல்வது உங்களுக்கு எளிதாக இருக்கலாம். எனக்கு அது சரிப்படவில்லை. ஒருவர் கதவைக்கூடத் திறக்காமல் உள்ளே இருந்தே போ என்றார். காசு கொடுத்து லீஸ் எடுத்தால் பேப்பரில் கையெழுத்து, இமெயிலில் பேச்சு, மரியாதைக்குக் குறைவில்லை.

கரிசல்காட்டான்
மாப்ளே, அதை மறுக்கவில்லை. அப்படிப்பட்ட கதவுகள் உண்டு. அதனால்தான் முன்பின் தெரியாத கதவை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். முதல் வழி யாராவது ஒருவரைப் பிடிப்பது. ஃபீட் ஸ்டோரில் மூட்டை ஏற்றுகிறவர், கால்நடை மருத்துவர், கவுண்ட்டியில் இருக்கிற அக்ரிலைஃப் எக்ஸ்டென்ஷன் என்ற விவசாய ஆலோசனை ஆபீஸ், கூட வேலை பார்ப்பவரின் மாமனார். இந்த ஊர்களில் சர்ச், வாலண்டியர் ஃபயர் டிபார்ட்மென்ட் பார்பிக்யூ என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், தட்டு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "இன்னார் சொல்லி வந்தேன்" என்ற ஒரு வரி, உங்கள் உச்சரிப்பு எப்படி இருந்தாலும் கதவைத் திறக்கும். நம் ஊரில் பெண் பார்க்கப் போவதற்கு முன் ஆள் விட்டு விசாரிப்போமே, அந்த மாதிரிதான்.

இரண்டாவது வழி கடிதம். நிலம் யாருடையது என்பது கவுண்ட்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் (வரிக்காகச் சொத்து மதிப்பிடும் அலுவலகம்) வலைத்தளத்தில் வெளிப்படையாகவே இருக்கும், பெயர், அஞ்சல் முகவரி இரண்டும் கிடைக்கும். ஆன்எக்ஸ் மாதிரி மேப் ஆப்பில் எல்லைக்கோடு வரைக்கும் பார்க்கலாம். பல நேரம் முகவரி ஹூஸ்டனில் இருக்கும், தாத்தா நிலம், பேரன் நகரத்தில், மேய்ச்சலுக்கு வேறொருவர் எடுத்திருப்பார். முற்றத்தில் நிற்கிறவர் தலையாட்டினால் மட்டும் போதாது, சம்மதம் உரிமையாளரிடமிருந்தோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமிருந்தோ வரவேண்டும். இதில் பலர் சறுக்குகிறார்கள்.

மிச்சிகன்_மைனர்
கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரலாமே, எதற்கு அலைச்சல்?

விசா_வாத்தியார்
ஸ்டாம்ப் ஒட்டாத எதையும் அடுத்தவர் மெயில்பாக்ஸில் போடுவதற்கு ஃபெடரல் சட்டத்தில் தடை இருக்கிறது. ஒரு ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்புங்கள் சார்.

ஓஹையோ_ஓரம்
நான் கொலம்பஸ் பக்கம். எங்கள் மாநிலத்தில் வாய்ச்சொல் போதாது, நிலத்துக்காரர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வேட்டையாடும்போது சட்டைப் பையில் இருக்க வேண்டும். அரசே ஒரு படிவம் வைத்திருக்கிறது. முதலில் இது தொல்லை என்று நினைத்தேன். உண்மையில் கேட்பதற்கு இதுவே வசதி. பேச்சை எப்படி முடிப்பது என்று தடுமாற வேண்டாம், படிவத்தை எடுத்து நீட்டினால் "எந்தத் தேதி வரைக்கும், எந்தப் பக்கம், யார் யார்" எல்லாம் அந்தக் காகிதத்திலேயே பேசி முடிந்துவிடும். டெக்சாஸில் கட்டாயம் இல்லாவிட்டாலும் நீங்களே ஒன்று அடித்து எடுத்துக்கொண்டு போங்கள். கேம் வார்டன் (வேட்டைச் சட்ட அதிகாரி) வந்து நின்றால் காட்டவும் ஆகும்.

கரிசல்காட்டான்
நல்ல யோசனை. அதில் ஒரு வரி சேர்க்கலாம்: டெக்சாஸ் சிவில் பிராக்டிஸ் அண்ட் ரெமடீஸ் கோட், 75ஆம் அத்தியாயம். வேட்டை மாதிரி பொழுதுபோக்குக்கு நிலத்தில் விடுகிற உரிமையாளரின் பொறுப்பை அது கணிசமாகக் குறைக்கிறது. பெரிய ராஞ்ச்காரர்களுக்குத் தெரியும், ஐம்பது ஏக்கர் வைத்திருக்கிற பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். வக்கீல் மாதிரி விளக்கப் போகாதீர்கள், சொன்னால் போதும். அதோடு, பணம் வாங்கி வேட்டைக்கு விட்டால் உரிமையாளர் ஹன்ட்டிங் லீஸ் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதனால் நூறு டாலரை நீட்டி அவரைச் சங்கடத்தில் விடுவதை விட ஒரு சனிக்கிழமை வேலி சரிசெய்ய வருகிறேன் என்பது மேல்.

பசுமைவிரும்பி
மன்னிக்கவும், ஒரு உயிரைக் கொல்ல அனுமதி கேட்பதற்கு இத்தனை இலக்கணமா? வாரம் முழுக்க கோட் அடித்துவிட்டு வார இறுதியில் துப்பாக்கி. இது நம் பழக்கமா?

கரிசல்காட்டான்
உங்களுக்குப் பிடிக்காதது எனக்குப் புரிகிறது, அதில் வாதாட ஒன்றும் இல்லை. பன்றி மட்டும் வேறு கணக்கு. அது இந்த மண்ணின் விலங்கு இல்லை, ஸ்பானியர்கள் கொண்டுவந்தது, பிறகு வந்தவர்களும் அவிழ்த்துவிட்டார்கள். நீர்நிலை, காடை முட்டை, ஆமை முட்டை எதையும் விடாது. சுடுவதற்கு சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. நான் சுட்டதைத் தின்கிறேன். நீங்கள் கேட்டதற்கு அவ்வளவுதான் பதில், இந்த இழையை அந்தப் பக்கம் இழுக்க வேண்டாம்.

கொங்குக்காட்டு_விவசாயி
நான் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்க வயிறு எரிகிறது ஐயா. இங்கே நிலக்கடலை, மரவள்ளி எதை வைத்தாலும் ராத்திரியில் பன்றிதான் அறுவடை செய்கிறது. யாராவது வந்து "சுடட்டுமா" என்று கேட்டால் வடை பாயசத்தோடு சாப்பாடு போடுவேன், ஆனால் நான் அனுமதி கொடுக்கவே முடியாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி என் நிலத்தில் இருந்தாலும் விலங்கு என்னுடையது இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை சுடலாம், 1 கிலோமீட்டருக்குள் என்றால் தொடக்கூடாது, நடுவில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். என் தோட்டத்திலிருந்து பார்த்தால் காடு தெரியும், அப்புறம் எங்கே 3 கிலோமீட்டர்.

கரிசல்காட்டான்
அங்கேயும் இங்கேயும் விலங்கு நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை என்பது ஒன்றுதான் சார். டெக்சாஸிலும் காட்டு விலங்கு மாநில மக்களுடையது. ஆனால் அதைத் தொட நிலத்துக்குள் வரவேண்டுமே, அந்தக் கேட்டின் சாவி அவரிடம் இருக்கிறது, அதைத்தான் அவர் விற்கிறார். இந்த மாநிலம் 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலங்களைத் தானே வைத்துக்கொண்டது, அப்புறம் ரயில், பள்ளி, கடன் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொடுத்தும் விற்றும் தீர்த்தது. ஆஸ்டினில் 1888இல் கட்டி முடித்த அந்தப் பெரிய கேபிடல் என்ற சட்டமன்றக் கட்டடத்துக்கே கூலியாக வடமேற்கில் 30 லட்சம் ஏக்கரைத்தான் கொடுத்தார்கள். மற்ற மேற்கு மாநிலங்களில் இருக்கிற ஃபெடரல் பொது நிலம் இங்கே இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு வேடிக்கை, நம் புள்ளிமான் இங்கே 1930களில் கொண்டுவரப்பட்டு ஹில் கண்ட்ரி என்கிற நடு டெக்சாஸ் குன்றுப்பகுதி முழுக்கத் திரிகிறது. அதற்கும் சீசன் இல்லை. ஊரில் தொட்டால் ஜெயில்.

மிச்சிகன்_மைனர்
ஒரு சந்தேகம். சுட்ட விலங்கு அடிபட்டு ஓடி பக்கத்து வேலியைத் தாண்டி விழுந்துவிட்டால்? அது என்னுடையதுதானே?

ஓஹையோ_ஓரம்
ஓஹையோவில் பக்கத்து நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது.

கரிசல்காட்டான்
டெக்சாஸிலும் அப்படித்தான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போனாலும் அத்துமீறல்தான். அதனால் அனுமதி கிடைத்த அன்றே "வேலிக்கு அந்தப் பக்கம் யார், அவர் எப்படிப்பட்டவர், போன் நம்பர் உண்டா" என்று கேட்டுவிடுங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டி தோட்டா போவதும் தனிக் குற்றம், அந்தப் பக்கத்துக்காரரின் சம்மதம் இல்லாவிட்டால். பொது ரோட்டில் நின்றுகொண்டு சுடுவதும் கூடாது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் மானைச் சுட்டால் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, அதாவது சிறைக்குப் போகிற பெரிய குற்றம் வரைக்கும் போகும், விசாக்காரருக்கு அதன் பிறகு என்ன நடக்கும் என்று வாத்தியாரைக் கேளுங்கள்.

விசா_வாத்தியார்
கேட்கவே வேண்டாம்.

டல்லாஸ்_மாப்ளே
சரி, அண்ணன் இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று ஒப்புக்கொள்கிறேன், புறாவுக்கு இது நடக்கும் போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் செப்டம்பர் 1 புறா சீசன் திறக்கும்போது சூரியகாந்தி வயல்காரர் ஒருவர் தெரிந்தவர்களைச் சும்மாவே விடுகிறார். ஷாட்கன் குண்டு ரைஃபிள் தோட்டா மாதிரி தூரம் போகாது என்பதால் பயம் குறைவு. ஒரே நிபந்தனை, சுட்ட ஷெல் கூடுகள் ஒன்றுகூட வயலில் கிடக்கக்கூடாது.

கரிசல்காட்டான்
பார்த்தீர்களா. அவர் புறாவை எண்ணவில்லை, கூடுகளை எண்ணுகிறார்.

இதோடு ஒட்டிய ஒரு சமாச்சாரம், கேட் பூட்டு. பெரிய நிலத்துக் கேட்டில் சங்கிலியில் ஒரு பூட்டு இருக்காது, பூட்டோடு பூட்டு கோத்து நாலைந்து தொங்கும். ஒன்று உரிமையாளருடையது, ஒன்று மின்சாரக் கூட்டுறவுக்காரர், ஒன்று பைப்லைன் கம்பெனி, ஒன்று மேய்ச்சல்காரர். அவரவர் பூட்டைத் திறந்தாலே சங்கிலி விலகும். மூடும்போது உங்கள் பூட்டை எந்த இரண்டு பூட்டுக்கு நடுவில் இருந்ததோ அதே இரண்டிலும் மாட்ட வேண்டும். அவசரத்தில் ஒன்றைத் தாண்டி மாட்டிவிட்டால் அந்த ஒருவர் பூட்டு வெறுமனே ஊசலாடும், மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாட்டுக்கு வைக்கோல் கொண்டு வருகிறவர் தன் நிலத்துக்கே வெளியே நிற்பார். அதற்குப் பிறகு உங்களுக்கு அங்கே வேலை இல்லை. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விடுவது எல்லோருக்கும் தெரியும், இந்தப் பூட்டு வரிசையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆஸ்டின்_மச்சான்
இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். சுருக்கமாக: "நான் டெய்லர் அருகில் வசிக்கிறேன், சாஃப்ட்வேர் வேலை. ரோட்டிலிருந்து பார்த்ததில் உங்கள் வயலில் பன்றிச் சேதம் தெரிந்தது. லைசென்ஸும் ஹன்ட்டர் எஜுகேஷன் சான்றிதழும் இருக்கின்றன. நான் மட்டும், நீங்கள் சொல்லும் நாளில், நீங்கள் காட்டும் இடத்தில், கிராஸ்போவோடு வர அனுமதிப்பீர்களா? ஒவ்வொரு முறையும் வருவதற்கு முன் மெசேஜ் அனுப்புவேன். முதலில் துப்பாக்கி, வில் எதுவும் இல்லாமல் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகவும் தயார். வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்." போதுமா? இறைச்சியில் பங்கு தருகிறேன் என்று சேர்க்கலாமா?

கரிசல்காட்டான்
நன்றாக இருக்கிறது. "சாஃப்ட்வேர்" இருக்கட்டும், எங்கேயோ நிரந்தர வேலையில் இருப்பவன் என்று தெரிவது நல்லது. "முதலில் ஆயுதம் இல்லாமல் வருகிறேன்" என்ற வரியை மேலே கொண்டுபோங்கள், எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் அந்த வரிக்காகவே போன் செய்வேன். இறைச்சியைக் கடிதத்தில் எழுத வேண்டாம். பச்சைப் பன்றிக்கறியைப் பல ராஞ்ச்காரர்கள் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள், அதில் புரூசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் பயம் உண்டு, நீங்களும் கையுறை போடாமல் அறுக்காதீர்கள். அனுமதி கிடைத்து, ஒன்று விழுந்து, அதைப் பிராசசரிடம் (வேட்டை இறைச்சியை வெட்டிப் பக்குவம் செய்து தருகிறவர்) கொடுத்து சாசேஜாக வாங்கினால் ஒரு பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பக்கம் செக் நாட்டு, ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்கள் அதிகம், சாசேஜ் விஷயத்தில் அவர்களுக்கு அபிப்பிராயம் உண்டு, நல்ல பிராசசராகப் பார்த்துக் கொடுங்கள்.

எட்டடி உயர வேலி போட்ட இடத்துக்கு மட்டும் கடிதம் போடாதீர்கள். அது பெரும்பாலும் காசுக்கு மான் வளர்க்கிற இடம், பதில்கூட வராது.

ஆஸ்டின்_மச்சான்
கடைசி கேள்வி. நான் கண் வைத்திருக்கிற நிலத்தில் வேலிக்கம்பம் எல்லாம் ஊதா பெயிண்ட். அப்படியென்றால் கேட்கவே கூடாதா?

விசா_வாத்தியார்
ஊதா என்றால் அனுமதி இல்லாமல் நுழையாதே என்று பொருள், அவ்வளவுதான். 1997லிருந்து டெக்சாஸில் அது போர்டு மாட்டியதற்குச் சமம். எட்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலத்துக்குக் குறையாத செங்குத்துக் கோடு, தரையிலிருந்து மூன்று முதல் ஐந்தடி உயரத்துக்குள். கேட்காதே என்று அதில் எழுதவில்லை.

கரிசல்காட்டான்
ஆமாம். ஆனால் கேட் மூடியிருந்தால் கேட்பதற்காகக்கூட உள்ளே போகாதீர்கள். தபாலில் போடுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை போன், அதுவும் மதியத்தில், காலையிலும் பொழுது சாயும்போதும் மாட்டு வேலை இருக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த நிலம்.